மாங்குளம் சந்தியில் இருந்து கிழக்கே

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு நான் ஏறியது ஒரு தனியார் பஸ். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ9 வீதி நெடுக சனம் ஏறிக்கொண்டே வந்தது. மாங்குளம் சந்தியில் பாதிப்பேர் இறங்கிவிட, பஸ் அங்கேயே நின்றுவிட்டது. இருபது நிமிடம் போயிருக்கும்.

"தம்பி, வெளிக்கிடுங்கோவன், வெயில் கொளுத்துது" என்றார் பின்சீட்டு அம்மா.

"நாலு பேர் வரட்டும் அம்மா. இப்பிடியே போனா டீசல் காசும் வராது" என்றான் கண்டக்டர் பொடியன்.

அந்தப் பொடியனில் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைய வசூலில்தான் அவனுடைய சம்பளம். ஆனால் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, வெள்ளைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் சீசன் அட்டையோடு, அதாவது சலுகைக் கட்டண மாதப் பயண அட்டையோடு, நின்றதையும், பஸ் நிற்காமல் போனதையும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. சீசனுக்கு அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்தான் வரவேண்டும்.

1958 ஜனவரி 1 இல் தனியார் கம்பனிகளிடமிருந்து பஸ்களை அரசு எடுத்தது. 1979 இல் மறுபடி தனியாருக்கு வழி திறந்தது. அதிலிருந்து இழுபறிதான். வவுனியாப் புதிய பஸ் நிலையத்தில் இரு தரப்பும் எப்படிச் சேர்ந்து ஓடுவது என்று 2017 இல் நடந்த பிரச்சினை ஊருக்கே தெரியும். யார் ஓட்டுவது என்றே சண்டை பிடிக்கிறோம். ஆளில்லாத மைலுக்கு யார் காசு கொடுப்பது என்பதல்லவா பேசவேண்டியது? லண்டனில் பஸ்களை ஓட்டுவது தனியார் கம்பனிகள். ஆனால் பாதை, நேரம், கட்டணம் மூன்றையும் பொது நிறுவனம் தீர்மானிக்கிறது, ஓட்டத்துக்கு ஒப்பந்தப்படி பணம் கொடுக்கிறது. டிக்கெட் காசு கம்பனிக்குப் போகாததால் சந்தியில் ஆள் சேர்க்க நிற்கவேண்டிய தேவையே இல்லை. இங்கே லாபமில்லாத பாதைகளுக்கும் சீசனுக்கும் திறைசேரி பெரும்பாலும் இ.போ.ச.வுக்குத்தான் கொடுக்கிறது. அந்தக் காசை, நேரம் தவறாமல் ஓடி சீசன் பிள்ளைகளையும் ஏற்றுகிற தனியார் பஸ்ஸுக்கும் கொடுத்தால் என்ன? கட்டாயம் கொடுக்கவேண்டும் என்பேன்.

திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. இ.போ.ச.வின் சிவப்பு பஸ்ஸில் ஒட்டுசுட்டான் தாண்டியபின் ஆறு பேர்தான். இரண்டு பக்கமும் காடு, யானை கடக்கும் ரோட்டு. ஓரிடத்தில், மணி அடிக்காமலேயே வேகம் குறைந்தது.

"இதிலதானே ஆச்சி?" என்றார் டிரைவர்.

ஆச்சி அரிசிப் பையோடு மெதுவாக இறங்கினார். ஒழுங்கையில் டோர்ச் வெளிச்சம் ஒன்று அவரை நோக்கி ஓடி வந்தது. அது அவரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் பஸ் எடுபட்டது.