நாலேகால் மணிப் பம்பை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் வரும். இரண்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் முக்கால் மணி நேரம்தான். அதற்குள் எழுந்து மோட்டார் போட்டு சம்ப்பை நிரப்பியாக வேண்டும். செல்போன் அலாரம் எனக்குச் சரிப்படாது. தலைமாட்டில் கிடப்பதால், கண்ணைத் திறக்காமலே விரல் அதை அணைத்துவிடும். ஹாலில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் அலாரம் வைத்தால் எழுந்து பத்தடி நடந்தால்தான் நிறுத்த முடியும் என்று தோன்றியது. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். பத்து நாள் ஆனது.

அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம். நான் தேடிய அலாரம் நிரலை அதன் சாஃப்ட்வேர் மேனேஜரில் காணவே காணோம். காரணம் பிறகுதான் புரிந்தது. நிரலை எழுதியவர் ஒருவர், அதை ஃபிளாட்பேக் என்ற பொட்டலமாகக் கட்டி, அவற்றுக்கான ஃபிளாட்ஹப் என்ற இணையக் கிடங்கில் போட்டவர் வேறு யாரோ ஒரு தன்னார்வலர். இப்படி மூல ஆசிரியரின் கைப்பட வராதவற்றை மின்ட் 22 தானாகக் காட்டாது. மேனேஜரின் அமைப்புகளுக்குப் போய், சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளையும் காட்டு என்று நாம்தான் டிக் போட வேண்டும். ஆபத்து என்று ஓர் எச்சரிக்கையும் அங்கே இருக்கும். அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அலாரம் கடிகாரத்துக்கு இணையம் எதற்கு? ஃபிளாட்சீல் என்ற இன்னொரு நிரலைப் போட்டு, அதன் வழியாக அலாரத்தின் நெட்வொர்க் அனுமதியை அணைத்துவிட்டேன். அப்புறம் பயமில்லை.

நிரல் என்னவோ சின்னதுதான். ஆனால் அது ஓடுவதற்கு வேண்டிய அடித்தளம் என்று கூடவே சில நூறு எம்பி இறங்கியது. போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டா அதோடு தீர்ந்தது.

அலாரத்துக்கு என்ன சத்தம் வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனபோது போனில் பதிவு செய்த பம்பைச் சத்தம் இருந்தது. அதற்கு எழாதவன் எதற்கும் எழமாட்டான். ஆனால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சன்னலைத் திறந்தால் என் ஹோம் ஃபோல்டர் காலி! ஒரு நொடி வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒன்றும் அழியவில்லை. ஃபிளாட்பேக் நிரலைத் தனி அறையில் பூட்டித்தான் ஓட வைக்கும். கட்டியவர் அனுமதி எழுதி வைக்காத ஃபோல்டர் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. மறுபடி ஃபிளாட்சீல். மியூசிக் ஃபோல்டரை மட்டும், படிக்க மட்டும் என்று திறந்துவிட்டேன். நிரலை முழுதாக மூடித் திறந்த பிறகுதான் அந்த அனுமதி ஏறியது.

முதல் ராத்திரி அலாரம் வைத்துவிட்டு, பெருக்கல் குறியை அழுத்திச் சன்னலை மூடிவிட்டுப் படுத்தேன். சன்னலோடு நிரலும் போய்விட்டது. அடுத்த முறை மினிமைஸ் செய்தேன். அப்போதும் அடிக்கவில்லை. காலை ஆறே முக்காலுக்கு மவுஸைத் தொட்டதும் பம்பை வெளுத்து வாங்கியது. சம்ப் காலி. கணினி தூங்கும்போது அலாரமும் கூடத்தான் தூங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இதற்கு மருந்து லினக்ஸிலேயே இருக்கிறது. ஆர்டிசிவேக் என்று ஒரு கட்டளை. மதர்போர்டில் தனியாக ஓடும் குட்டிக் கடிகாரத்திடம் இத்தனை மணிக்கு எழுப்பு என்று சொல்லிவிட்டு, கணினியைத் தூங்க வைக்கும். நிர்வாகி அனுமதி வேண்டும் என்பதால் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக நடக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில், ஒரு வரி எழுதினேன்: ராத்திரி பதினொன்றுக்குத் தூங்கு, நாலு பத்துக்கு எழு. தானாகத் தூங்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன். அலாரம் நாலேகாலுக்கு. அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சரியாக அடித்தது. மனைவியிடம் கொஞ்சம் பெருமை பேசியதும் உண்மை.

அடுத்த தண்ணீர் நாளன்று நடுராத்திரியில் கரண்ட் போனது. யுபிஎஸ் எல்லாம் கிடையாது. காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர், தொடர எஃப்1 அழுத்தவும் என்று நின்றது. பயாஸில், அதாவது லினக்ஸுக்கு முன்னால் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், பார்த்தால் வருடம் 2009. சுவரில் கரண்ட் இருக்கும்வரை அந்தக் குட்டிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் போனால் அதைத் தாங்க வேண்டிய பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

லாங் பஜாருக்குப் போனபோது ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் கேட்டேன். பழைய செல்லைப் புரட்டிப் பார்த்தார். சிஆர்2032, மூன்று வோல்ட். “கம்ப்யூட்டருக்கா? எடை மிஷின்லயும் இதான்பா” என்று எடுத்துக் கொடுத்தார். நாற்பது ரூபாய். கணினிக் கடிகாரத்துக்கு வாட்ச் கடையில் வைத்தியம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து செல்லைப் போட்டேன். போனைப் பார்த்து பயாஸில் தேதியையும் நேரத்தையும் நானே அடித்தேன். சாயங்காலம் ஆறு இருபது. நிரலைத் திறந்து அலாரத்தைச் சரிபார்த்துவிட்டு மானிட்டரை அணைத்தேன். திரை மூலையில் ஓடும் நேரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ராத்திரி பத்தே முக்காலுக்கு, தெருவே அடங்கிய நேரத்தில், பம்பை அடித்தது. ஸ்பீக்கரில் முழுச் சத்தம். அம்மா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் தெளிந்து, “இன்னாடா, இந்நேரத்துல யார் வூட்ல பம்ப அடிக்கிறாங்க?” என்றார். நம்ம வீட்டில்தான் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

நாலேகாலுக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினேன். ஐந்தரை மணி. அப்போது விளங்கியது. லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் இருப்பதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணியைக் கூட்டும். நான் இந்திய நேரத்தையே அங்கே போட்டிருந்தேன். அது ஆறு இருபதை இரவு பதினொன்று ஐம்பது ஆக்கிவிட்டது. தூங்க வைக்கும் பதினொரு மணியைக் கடிகாரம் அப்போதே தாண்டிவிட்டதால் கணினி தூங்கவும் இல்லை. இணையம் இருந்திருந்தால் தானே நேரத்தைத் திருத்தியிருக்கும். ஹாட்ஸ்பாட் அணைந்திருந்தது.

அப்போதே ஹாட்ஸ்பாட் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மூலைக் கடிகாரம் பின்னால் குதித்து நின்றது. பிறகு நேர விவரம் காட்டும் டைம்டேட்சிடிஎல் கட்டளையை அடித்துப் பார்த்தேன். ஆர்டிசி என்ற அந்த போர்டுக் கடிகாரத்தின் நேரமும் உலக நேரமும் ஒன்றாக இருந்தன, உள்ளூர் நேரம் ஐந்தரை மணி முன்னால். அப்படித்தான் இருக்க வேண்டும். பயாஸில் இனி கை வைத்தால் ஐந்தரையைக் கழித்துத்தான் போடுவேன்.

ராத்திரி கரண்ட் போனால் இன்றைக்கும் இதனால் பயனில்லை. அதற்கு யுபிஎஸ் வாங்க வேண்டும், தீபாவளிக்குப் பார்க்கலாம். மற்ற நாட்களில் தவறாமல் அடிக்கிறது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டார், “தம்பி, பம்ப ஏன் சரியா கேக்கல? அத்த கேட்டுத்தான் நானும் மோட்டார் போட்றேன்.” மறுபடி முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறேன்.