கேஸ் தள்ளுபடி ஆன பிறகு டிபெண்டென்ட் விசா

"கேஸ்தான் தள்ளுபடி ஆயிடுச்சே, விசா ஃபார்ம்ல எதுக்கு சொல்லணும்?" வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. முதலில் எது தள்ளுபடி ஆனது என்று பாருங்கள். எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு ஹைகோர்ட்டில் போட்ட மனு தள்ளுபடி என்றால், கேஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்து, விடுவிப்பு (விசாரணைக்கு முன்பே), விடுதலை (விசாரணை முடிந்து), சமரசம் எல்லாம் வேறு வேறு. உங்களுடையது எது என்று உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும்.

அமெரிக்காவில் எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கான டிபெண்டென்ட் விசா எச்-4. அதற்கான டிஎஸ்-160 படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா என்று கேட்கிறது. கைதாகி ஜாமீனில் வந்திருந்தால், கேஸ் ரத்தாகியிருந்தாலும் பதில் 'ஆம்'தான். கனடா படிவம் குற்றம் சாட்டப்பட்டதையும் சேர்த்துக் கேட்கும். முடிந்துபோன கேஸால் வரும் சிக்கலைவிட மறைப்பதால் வரும் சிக்கல் மிகப் பெரியது. பொய் நிரூபணமானால் கனடாவில் 5 ஆண்டு தடை, அமெரிக்காவில் நிரந்தரத் தடை. தயவுசெய்து ஏஜென்ட் பேச்சைக் கேட்டு 'இல்லை' போடாதீர்கள்.

'ஆம்' போட்டால் கையில் காகிதம் வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு கேஸுக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் கேஸின் நிலை தெரியும். ஆனால் அந்த பிரிண்ட் போதாது. ஜார்ஜ் டவுனோ எழும்பூரோ, கேஸ் நடந்த கோர்ட்டிலேயே காப்பி அப்ளிகேஷன் போட்டு, சீல் வைத்த சர்டிஃபைடு காப்பி இரண்டு மூன்று செட் வாங்குங்கள். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, இறுதி உத்தரவு மூன்றும் தேவை. பழைய கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தால் தேடி எடுக்க நாளாகும் என்பதால், இன்டர்வியூ தேதி எடுக்கும் முன்பே இதைத் தொடங்குவது நல்லது. தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

நம் ஊரில் பலர் இடறுவது இனிஷியலில். எஃப்ஐஆரில் 'க. முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றைச் சேர்த்து வையுங்கள்.

போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும் நாடு என்றால், ஸ்டேஷன் பதிவையும் கவனியுங்கள்; அதில் கேஸ் இன்னும் நிலுவையில் கிடக்கலாம். கோர்ட் உத்தரவு தானாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். காப்பியை நேரில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ஜாமீன் நிபந்தனைக்காக பாஸ்போர்ட்டை கோர்ட்டில் ஒப்படைத்திருந்தால், திரும்பப் பெற தனி மனு போட வேண்டும்.

பெரிய ஆபத்து லுக் அவுட் நோட்டீஸ், அதாவது ஒருவர் நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்க குடியேற்றப் பிரிவுக்குத் தரப்படும் எச்சரிக்கை. திருமண வழக்குகளிலும் இது போடப்படுவதுண்டு. 2021 வழிகாட்டுதல்படி அது தானாகக் காலாவதி ஆகாது. நோட்டீஸைக் கேட்டு வாங்கிய போலீஸ் பிரிவே அதை நீக்கச் சொல்லி குடியேற்றப் பிரிவுக்கு எழுத வேண்டும். கேஸ் முடிந்து ஆண்டுகள் ஆன பிறகும் மீனம்பாக்கம் விமான நிலைய கவுன்டரில் நிறுத்தப்படுவது இதனால்தான். டிக்கெட் போடும் முன்பே, உத்தரவு நகலோடு அந்தப் போலீஸ் பிரிவுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் மனு அனுப்புங்கள். அதன் ரசீதையும் ஒரு செட் சர்டிஃபைடு காப்பியையும் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள்.