மழைக்கால மைதானம்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 7, மாலை

நாளை காலை, நாங்கள் பராமரிக்கும் மைதானத்தில் கால்பந்து லீக் ஆட்டம். வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டது. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை பெய்தால் அதை மிகக் கனமழை என்பார்கள். 105-க்கு 68 மீட்டர் ஆடுகளத்தில் 1 மி.மீ. மழை விழுந்தாலே 7,140 லிட்டர் தண்ணீர். 100 மி.மீ. என்றால் ஏழு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 60 லாரி. இதை வாளியாலும் துடைப்பத்தாலும் வெளியேற்ற முடியாது. தானாக வடிந்தால்தான் உண்டு.

அதனால் இன்றைக்கு ஒரே வேலை, வடிகால் வாய். வடிகால் தொட்டியில் படிந்த வண்டல், பிளாஸ்டிக் உறை, புல் வெட்டிய கழிவு எல்லாவற்றையும் வாரி எடுக்க வேண்டும். நம் குழாயின் வாய் தெருவின் மழைநீர்க் கால்வாயில் எந்த உயரத்தில் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கால்வாயில் தண்ணீர் அந்த வாய்க்கு மேல் ஏறிவிட்டால் குழாய் உள்ளே இழுக்கும், வெளியே தள்ளாது. கடற்கரையோரத் தாழ்ந்த மைதானங்களில் ஆட்டம் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். வாயில் ஒருவழி மூடி இருந்தால் திரும்பி வருவது நிற்கும். ஆனால் கால்வாய் இறங்கும்வரை நம் தண்ணீரும் உள்ளேயே நிற்கும்.

புல்லை வெட்டவில்லை. அருகம்புல் 30 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். கோடும் போடவில்லை.

நவம்பர் 8, காலை 6 மணி

இரவெல்லாம் மழை, இப்போது தூறல். பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கிறோம். துள்ளாமல் ‘தொப்’ என்று உட்கார்ந்தால் அந்த இடம் போச்சு. அடுத்து, பந்தைத் தரையோடு பத்து மீட்டர் உருட்டல். எங்கே நிற்கிறதோ அங்கே குச்சி நட வேண்டும். இரண்டு கோல் வாய், பெனால்டி பகுதி, மைய வட்டம், துணை நடுவர் ஓடும் இரண்டு பக்கக் கோடுகள் என்று ஒன்றையும் விடக்கூடாது. மைதானத்தின் நடுவில் நின்று பார்த்துவிட்டு “ஆடலாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். கோல்கீப்பர் பாய்ந்து விழும் ஆறு கஜப் பெட்டியை யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை.

பந்து உருளாதது ஒரு காரணம். கால் சிக்கிக்கொள்வது அதைவிடப் பெரிய காரணம். பூட்ஸின் அடிமுள் சேற்றில் புதைந்து நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் தசைநார் கிழியும். குதிகால் மூன்று செ.மீ. இறங்கினால் நாங்கள் மேற்கொண்டு பேசுவதில்லை.

ஒத்திவைக்கச் சொல்லிவிட்டோம். வெளியூர் அணி பேருந்து ஏறுமுன் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு மணிக்கே இந்தச் சோதனை. ஆட்ட நடுவர் வந்து பொறுப்பேற்ற பிறகு முடிவு அவருடையது.

நவம்பர் 8, இரவு

ஒத்திவைத்த நாளில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். அவற்றில் மூன்று யோசனைகள் மைதானத்தையே கெடுத்துவிடும்.

“ரோலர் ஓட்டுங்க, தண்ணி பிதுங்கி வெளியே வந்துடும்.” வராது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் தண்ணீருக்கும் காற்றுக்கும் வழி. ஈரக் களிமண்ணில் ரோலர் ஏறினால் அந்த இடைவெளி நசுங்கி அடைபடும். அடுத்த முறை பாதி மழைக்கே குட்டை கட்டும்.

“குட்டையில் ரெண்டு லோடு மணல் கொட்டுங்க.” சேற்றின் மேல் மணல் கொட்டினால் மேலே பார்வைக்குக் காய்ந்திருக்கும். கீழே களி, நடுவே மணல், அதன்மேல் மறுபடி சேறு என்று அடுக்கு உண்டாகும். மண்ணின் தன்மை சட்டென்று மாறும் இடத்தில் தண்ணீர் எளிதில் கீழே இறங்காது, தங்கும். வேரும் அங்கேயே நின்றுவிடும். எம்-சாண்ட் தூள் கலந்திருந்தால் அது சிமென்ட் பூசியதற்குச் சமம். கடல் மணலில் உப்பு. சவுடு மண்ணை நினைக்கவே வேண்டாம்.

“கடப்பாரையால் குத்தி விடுங்க.” இதில் கொஞ்சம் உண்மை உண்டு, நேரம்தான் தவறு. தோய்ந்த களியில் குத்தினால் துளையின் சுவர் பளபளவென்று மெழுகப்பட்டு மூடிக்கொள்ளும்.

செய்யக்கூடியது இதுதான்: ஆடுகளத்துக்கு வெளியே, குட்டையின் தாழ்ந்த பக்கத்தில் அரை மீட்டர் ஆழக் குழி வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, அதில் பம்பின் உறிஞ்சு குழாயை இறக்க வேண்டும். அங்கங்கே நிற்கும் மிச்சத்தைப் பஞ்சு உருளையால் ஒற்றி எடுக்கலாம். பலகை கட்டித் தள்ளினால் மேல் சேறு இழுபட்டுத் துளைகளை அடைக்கும்.

நவம்பர் 9

மழை இல்லை. ஆனாலும் தெற்கு கோல் வாயில் தண்ணீர் அப்படியே. மண்வெட்டியால் ஓரமாக 30 செ.மீ. வெட்டிப் பார்த்தோம். மேல் 8 செ.மீ. கூழ், அதற்குக் கீழே ஈரமே ஏறாத கெட்டி மண். மிதிபட்டு இறுகிய அடுக்கு இது. குழி முழுக்கத் தண்ணீர் ஊறியிருந்தால் வடிகாலைச் சந்தேகிக்க வேண்டும். மேலே மட்டும் ஈரம் என்றால் மண் இறுக்கம். வைத்தியம் வேறு வேறு. வெட்டிப் பார்க்காமல் வடிகாலுக்குச் செலவழிப்பது வீண்.

வடக்குப் பக்கத்தில் மண் கறுத்து, அழுகிய முட்டை வாடை. பல நாள் காற்றே புகாத இடம் அது. புல் மஞ்சளாகியிருப்பதைப் பார்த்து யூரியா போடக்கூடாது. வேர் மூச்சுவிட வழி செய்த பிறகுதான் உரம்.

நவம்பர் 11

பெரிய மைதானங்களுக்கும் இதே கதிதான். 1974 உலகக் கோப்பையில், ஜூலை 3 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் தீயணைப்புத் துறை தண்ணீரை இறைத்த பிறகே மேற்கு ஜெர்மனியும் போலந்தும் தாமதமாக ஆடின. பந்து சேற்றில் நின்று நின்று போனது. இத்தாலி லீக்கின் கடைசி நாளான 2000 மே 14 அன்று, பெருஜியா–யுவென்டஸ் ஆட்டத்தில், பெருஜியாவில் இடைவேளையில் கொட்டிய மழைக்காக நடுவர் கொல்லினா ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, குடையும் பந்துமாகச் சோதித்து, ஆட்டத்தைத் தொடரவிட்டார். யுவென்டஸ் தோற்றது, லீக் பட்டம் லாட்சியோ அணிக்குப் போனது. 2012 அக்டோபர் 16 அன்று வார்சாவில் மூடக்கூடிய கூரை இருந்தும் திறந்தே கிடந்தது. போலந்து–இங்கிலாந்து ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போய் 1-1 என முடிந்தது. மூன்றில் வார்சா முடிவே சரி என்பது எங்கள் கருத்து. பந்து நகராத தரையில் கிடைக்கும் முடிவு எந்த அணியின் திறமையையும் காட்டாது.

நவம்பர் 14

கையில் எடுத்து உருட்டினால் மண் உதிர்கிறது, திரியாகவில்லை. இன்றைக்குக் குத்தலாம். கோல் வாயில், மண் குத்தும் ஃபோர்க்கை 15 செ.மீ. இறக்கி, பிடியை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து எடுக்க வேண்டும், 10 செ.மீ.க்கு ஒரு குத்து. துளைகளில் 0.25–0.5 மி.மீ. அளவுள்ள கழுவிய மணல், துடைப்பத்தால் தள்ளி நிரப்பல். முழு மைதானத்துக்கும் 3 மி.மீ. மணல் தூவினால் 21 கன மீட்டர், சுமார் 34 டன். அதை இப்போது செய்ய முடியாது; லாரிச் சக்கரம் பதியும்.

நவம்பர் 16

ஒத்திவைத்த ஆட்டத்துக்குப் புதன்கிழமை கேட்கிறார்கள். ஞாயிறும் ஓர் ஆட்டம் உண்டு. வீரர்களுக்கு இடையில் மூன்று நாள் கிடைக்கும், ஆனால் தெற்கு கோல் வாய்க்கு அது போதாது. ஆறு கஜப் பெட்டியில் புல் இன்னும் வேர் பிடிக்கவில்லை. புதன் ஆட்டத்தைப் பக்கத்து மைதானத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். பயிற்சிக்கான நகர்த்தும் கோல் கம்பத்தை ஆடுகளத்துக்கு வெளியே வைத்தாயிற்று.

ஜனவரியில் மண் காய்ந்ததும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து உயரம் பார்க்க வேண்டும். நடு அச்சிலிருந்து பக்கக் கோடு 34 மீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவென்றால் நடுவே 34 செ.மீ. ஏற்றம் வேண்டும். பிறகு மீட்டருக்கு ஒன்றாக 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழத்தில் மணல் கீறல்கள், அதாவது மணல் நிரப்பிய ஒடுங்கிய பள்ளங்கள். அவை கீழே குறுக்கே ஓடும் வடிகால் குழாயின் ஜல்லியைத் தொட்டே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் களி நின்றாலும் போட்ட பணம் மண்ணுக்குள்தான்.