பந்து வராத பக்கம் நின்றவன்

மெல்பேர்னில் இருக்கிற மச்சானோடு எனக்கு வருசத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அவுஸ்திரேலிய ரூல்ஸ் (அங்கத்தைய தனி வகை உதைபந்தாட்டம்) இறுதிப் போட்டி அங்கே பகல் இரண்டரைக்குத் தொடங்கினால் இங்கே கல்லடியில் காலை பத்து மணி. நான் சந்தைக்குப் போய் வந்து மீன் பையைக் குசினியில் வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருக்கும். போட்டியைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். மறுகா பழைய வழக்கு: கோல் அடிக்கிறதில் பெரிய ஆள் டொனி லொக்கட்டா, ஜேசன் டன்ஸ்டலா?

“டன்ஸ்டல்தான்டா. நாலு கிண்ணம். உன்ட ஆளுக்கிட்ட ஒண்டு காட்டு பாப்பம்” என்பான்.

காட்ட முடியாது. லொக்கட் 281 ஆட்டத்தில் 1360 கோல் அடித்தவர், அதைவிடக் கூட அடித்தவர் யாருமில்லை, ஆனால் கிண்ணம் இல்லை. ஹோதோர்ன் கழகத்தின் டன்ஸ்டலுக்கு 269 ஆட்டத்தில் 1254 கோல், 1986, 88, 89, 91 என்று நாலு கிண்ணம். ஆனால் லொக்கட் 1983இல் போய்ச் சேர்ந்த இடம் சென் கில்டா. அந்த வருசம் தொடங்கி 1986 வரை பட்டியலில் கடைசி இடத்தை விட்டு அசையாத கழகம். அடுத்த வருசமே அவர் 117 கோல் அடித்து, சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தையும் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

நானும் ஊர்க் கழகத்தில் முன்வரிசை ஆடியவன்தான், உதைபந்தாட்டம். எங்கள் பின்வரிசை வலை போட்ட வாவி மாதிரி, எல்லாம் அங்கேயே சுற்றும். நான் எதிர்ப்பக்கக் கம்பத்தடியில் நின்று அவர்களுடைய கோலியோடு பரீட்சை மாக்ஸ் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பேன். (அந்தக் கோலி பிறகு எங்கள் குடும்பத்திலேயே பெண் எடுத்தான், அது வேறு கதை.) பந்தே வராத பக்கத்தில் நிற்கிறவனிடம் கோல் கணக்குக் கேட்டால் எரிச்சல் வராதா?

மச்சான் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறான். நோஞ்சான் அணியில் வேறு ஆளே இல்லாததால் வருகிற பந்தெல்லாம் லொக்கட்டைத் தேடித்தான் வரும், ஹோதோர்னில் டெர்மட் பிரெரட்டனும் மற்றவர்களும் பங்கு போட்டார்கள், அதற்குள்ளும் டன்ஸ்டல் இத்தனை அடித்தாரே என்கிறான். நியாயம்தான். இரண்டு வருசம் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம்தான் ஒரே ஆளை இரண்டு அணியில் வைத்துப் பார்த்தேன். சென் கில்டாவில் 183 ஆட்டம், 898 கோல், சராசரி 4.9. சிட்னியில் 98 ஆட்டம், 462 கோல், 4.7. சிட்னியும் 1992 முதல் மூன்று வருசம் கடைசியில் கிடந்ததுதான், அவர் 1995இல் போனார், 1996இல் பட்டியலில் முதலிடம், அவருக்கு 121 கோல். அணி அடியில் கிடந்தாலும் மேலே ஏறினாலும் மனுசன் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அடித்திருக்கிறார், அதுவும் முப்பதை நெருங்கிய உடம்போடு. பின்னாளில் இதே போல அணி மாறிய லான்ஸ் பிராங்க்ளினுக்கு ஹோதோர்னில் 3.2, சிட்னியில் 2.8, ஆனால் அவர் சிட்னியில் 36 வயது வரை ஆடினார், வயதைக் கழிக்காமல் அதை ஒப்பிட எனக்கு மனமில்லை.

டன்ஸ்டலின் உச்சமும் கிண்ணத்தோடு வரவில்லை. 1992இல் 145 கோல் அடித்தார், கிண்ணம் வெஸ்ட் கோஸ்டுக்குப் போனது.

கிண்ணக் கதைக்கு 1989 இறுதிப் போட்டி ஒன்று போதும். ஜீலோங் 21 கோல், ஹோதோர்னும் 21 கோல். ஜீலோங்கின் 21இல் 9 கெரி ஏப்லெட் தனியாக அடித்தது. நடுக் கம்பங்களுக்குள் போனால் 6 புள்ளி, நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையில் போனால் 1 புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளிகளில் ஹோதோர்ன் ஆறு கூட எடுத்து 144க்கு 138 என்று வென்றது. தோற்ற அணியில் இருந்த ஏப்லெட்டுக்குத்தான் அன்றைய சிறந்த வீரர் பதக்கம்.

இவ்வளவையும் போனில் மூச்சுவிடாமல் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டான்.

“சரி, கிண்ணம் எங்க?”

மீன் வெட்ட வேண்டும் என்று வைத்துவிட்டேன்.