தகப்பன் கிழித்தது வஸ்திரம், மகன் அறுத்தது சுருள்

முதலூர் 1799-இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான காலந்தொட்டுப் பார்த்தால், திருநெல்வேலிச் சீமையில் சில குடும்பங்கள் ஏழெட்டுத் தலைமுறையாக வேதம் கேட்டு வருகின்றன. குடும்ப ஜெபம், ஓய்வுநாள் பள்ளியின் மனப்பாட வசனம், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை எல்லாம் பிள்ளைகளிடம் முறையாகக் கைமாறுகின்றன. கேட்கும் இருதயமும் அப்படிக் கைமாறுமா என்று யோசிக்கும்போது, பிரசங்கங்களில் அடிக்கடி வரும் விதைப்பவன் உவமையைவிட, பழைய ஏற்பாட்டு யூதா தேசத்தின் இரண்டு அரசர்களே எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

கி.மு. 622 அளவில், ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கிடைத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைச் சம்பிரதியாகிய, அதாவது அரசனின் எழுத்தனாகிய சாப்பான் வாசிக்க, அரசன் யோசியா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். அவன் கேட்டது ஆறுதல் வார்த்தை அன்று. தன் முன்னோரையும் நாட்டையும் குற்றப்படுத்திய வார்த்தை. அவன் இருதயம் இளகியதைக் கர்த்தர் கண்டதாகத் தீர்க்கதரிசினி உல்தாள் சொல்லி அனுப்பினாள். ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின், அவன் மகன் யோயாக்கீம் குளிர்கால வீட்டில் கணப்பின் முன் உட்கார்ந்து தீர்க்கதரிசி எரேமியாவின் எச்சரிப்புகள் எழுதிய சுருளை வாசிக்கக் கேட்டான். மூன்று நாலு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அதைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் எறிந்தான். வேண்டாம் என்று அவனிடம் மன்றாடியவர்களில் ஒருவன் கெமரியா, சாப்பானின் மகன். ஒரு வீட்டில் கைமாறியது மற்றொரு வீட்டில் கைமாறவில்லை.

யோயாக்கீம் கேட்க மறுத்தவன் அல்லன். கேட்டுக் கேட்டே அறுத்தவன். அதனால்தான் அவன் நமக்கு இவ்வளவு நெருக்கமானவனாக இருக்கிறான். நம் ஊரில் யாரும் வேதத்தை எரிப்பதில்லை. கைதவறி விழுந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஆனால் புத்தாண்டு ஆராதனையில் நாம் ஆவலோடு எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், அறுப்பறுத்த கூலிக்காரருக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபு 5:4-ஐ நான் கண்டதில்லை. சம்பந்தம் பேசும்போது சாதியை முதலில் விசாரிக்கும் வீட்டில் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்னும் கலாத்தியர் 3:28 மனப்பாடமாகவே இருக்கிறது. கன்வென்ஷன் பந்தலிலிருந்து திரும்பும் வழியில் நாம் புகழ்வது பெரும்பாலும் பிரசங்கியாரின் குரலைத்தான். ஜனங்கள் தன் வார்த்தையை இனிய பாட்டாகக் கேட்கிறார்கள், அதன்படி செய்யாதிருக்கிறார்கள் என்று கர்த்தர் எசேக்கியேலிடம் சொன்னதும் இப்படிப்பட்ட, பகையே இல்லாத கேட்போரைப் பற்றித்தான்.

வருகிற லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலத்தில், எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் யாக்கோபு நிருபத்தை ஒரு வசனமும் விடாமல் வாசிப்பதாக இருக்கிறோம். ஐந்தாம் அதிகாரம் வரும் அன்று, வயல்வேலைக் கூலிக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.