பெயரில்லாத மஞ்சள் ஃபில்டர்: ட்யூப்லைட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கேமராவோடு சேர்ந்து வரும் மஞ்சள் ஃபில்டர்களில் (கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வானத்தைக் கறுக்கவைக்க லென்ஸ் முன் மாட்டுவது) எழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். வெளிர் மஞ்சளா, நடுத்தரமா, அடர் மஞ்சளா என்று கண்ணை நம்பிச் சொல்லவே கூடாது. இந்த மூன்றும் வெட்டுவது நீலத்தைத்தான். நீலம் கொஞ்சம் போனாலும் முழுக்கப் போனாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரே மஞ்சள்.

முதலில் ரிங்கைப் பாருங்கள். சாக்பீஸ் தூளை விளிம்பில் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்துபோன எழுத்து சில சமயம் வெள்ளையாக எழுந்து நிற்கும். Y44, Y48, Y52 என்று இருந்தால் பெரும்பாலும் நிக்கான். அந்த எண்ணோடு ஒரு சைபர் சேர்த்தால் ஏறக்குறைய எத்தனை நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள ஒளியை வெட்டுகிறது என்று கிடைத்துவிடும். K2 என்பது கோடாக் ராட்டன் 8-இன் பழைய பெயர்; ராட்டன் என்பது கோடாக்கின் ஃபில்டர் எண் வரிசை. 022 என்றால் பி பிளஸ் டபிள்யூ (B+W) என்ற ஃபில்டர் கம்பெனியின் நடுத்தர மஞ்சள்.

எழுத்தே இல்லை என்றால் ட்யூப்லைட்தான் வழி. சிஎஃப்எல் பல்பு அல்லது அதே வகை பாஸ்பர் பூசிய ஃப்ளோரசென்ட் ட்யூப் வேண்டும். இப்போது வீடுகளில் இருக்கும் எல்இடி பேட்டன் இதற்கு உதவாது; அதில் கோடுகள் கிடையாது, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடும். சிஎஃப்எல்லில் நான்கு கோடுகள் தெளிவாகத் தெரியும்: 436 நானோமீட்டரில் ஊதா கலந்த நீலம், 488-ஐ ஒட்டி நீலப்பச்சை, 546-இல் பளிச்சென்ற பச்சை, 611-இல் செம்மஞ்சள். பாதரசமும் பாஸ்பர் பூச்சும் தருகிற இந்தக் கோடுகள் இடம் மாறாது என்பதால் ஸ்கேல் மாதிரி பயன்படுத்தலாம்.

ஒரு செருப்புப் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இரண்டு பிளேடுத் துண்டுகளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் செங்குத்தாக ஒட்டுங்கள். மறுமுனையில் சிடியைச் சுமார் 60 டிகிரி பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பெட்டியின் பக்கச் சுவரில் பார்க்க ஓட்டை போடுங்கள். சிடியின் வளையக் கோடுகள் பிளவுக்கு இணையாக ஓடும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் சாய்ந்து கலங்கும். பிளவை விளக்கை நோக்கித் திருப்பி, ஃபில்டரால் அதன் கீழ்ப்பாதியை மட்டும் மறையுங்கள். ஃபில்டர் இல்லாத நிறமாலையும் ஃபில்டர் வழியாக வருவதும் மேலும் கீழுமாக ஒட்டி நிற்கும். நினைவை நம்ப வேண்டியதில்லை, நேராக ஒப்பிடலாம்.

436 கோடு மங்கினாலும் இன்னும் தெரிந்தால், வெளிர் மஞ்சள். 436 காணாமல் போய், 488 பாதியளவு மங்கியிருந்தால் ராட்டன் 8 வகை. 488-உம் போய் 546 அப்படியே நின்றால் அடர் மஞ்சள், அதாவது ராட்டன் 12 அல்லது 15. இந்த இரண்டையும் கோடுகளால் பிரிக்க முடியாது, ஏனென்றால் வித்தியாசம் 500-க்கும் 540-க்கும் நடுவில் இருக்கிறது, அங்கே கோடு இல்லை. குண்டு பல்பின் தொடர்ச்சியான நிறமாலையில் பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். 546-உம் நன்றாக மங்கினால் அது ஆரஞ்சு. நீலத்தோடு சிவப்பும் சேர்ந்து மங்கினால் பச்சைமஞ்சள், ராட்டன் 11 வகை.

எந்தக் கோடும் காணாமல் போகவில்லை, ஆனால் நீலம் மட்டுமில்லாமல் பச்சையும் சேர்ந்து குறைகிறது என்றால் அது கறுப்பு வெள்ளைக்கானதே இல்லை. கலர் ஃபிலிமுக்கான 81A அல்லது 85 வகை பழுப்பு ஃபில்டர். 85-ஐ ஆரஞ்சு என்று சொல்லி விற்பதும் நடக்கும். போட்டு எடுத்தால் வானம் எதிர்பார்த்த அளவு கறுக்காது.

வகை தெரிந்தபின் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமுக்குத் தரவேண்டிய வெளிச்சம். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இருமடங்கு. பகல் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளான ராட்டன் 6-க்கு ⅔ ஸ்டாப், 8-க்கு 1 ஸ்டாப், 15-க்கு 1⅓, 11-க்கு 2 ஸ்டாப் கூட்ட வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் மஞ்சள் ஃபில்டர்களுக்கு இதைவிடக் குறைவாகவே தேவைப்படும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் ஃபில்டர் வழியாகக் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டர் செல் நிறங்களை உணர்வது ஒரு விதம், ஃபிலிம் உணர்வது வேறு விதம். உங்கள் ஃபிலிமில் ஒரு முறை சோதித்துவிடுவதே நல்லது. வெயிலில் கிரே கார்டை (எக்ஸ்போஷர் சோதிக்கும் சாம்பல் அட்டை) வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஒரு ஃபிரேம், போட்டு 0, ½, 1, 1½, 2 ஸ்டாப் கூட்டி ஐந்து ஃபிரேம். ஷட்டரைத் தொடாமல் அப்பெர்ச்சரை மட்டும் திறங்கள். பழைய ஷட்டர்களின் வேகம் எழுதியிருப்பதுபோல ஓடுவதில்லை. மேகம் குறுக்கே வந்தால் முதல் ஃபிரேமிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். நெகட்டிவ்வில் முதல் ஃபிரேமின் அடர்த்தியோடு ஒத்துப்போகிற ஃபிரேம்தான் உங்கள் கணக்கு.

வானத்தை வைத்துச் சோதிப்பதானால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் நாளில், சூரியனுக்குப் பக்கவாட்டுத் திசையில் எடுங்கள். மே மாதத்து மெரினாவில் வானமே வெளுத்துக் கிடக்கும். அதில் நீலம் குறைவு, K2-க்கும் வெறும் கண்ணாடிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நல்ல ஃபில்டரைச் சந்தேகப்பட்டுத் தூக்கிப்போட அதுவே காரணமாகிவிடும்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஜெலட்டின் ஒட்டிய பழைய ஃபில்டர்களைத் தண்ணீரில் கழுவாதீர்கள். விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டு ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது வேகமாக உள்ளே பரவும்; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். கண்டுபிடித்த எண்ணையும் ஸ்டாப்பையும் ரிங்கின் வெளிப்பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள், உள்பக்கம் எழுதினால் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்.