ரம்மி பழகிய கையும் போக்கர் மேசையும்

மதுரைப் பக்கம் சீட்டு ஆடத் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாண மண்டப மாடியில் ஜமுக்காளம் விரித்தால் போதும், ரம்மிக்கு ஆறு பேர் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். நள்ளிரவுக்கு மேல் மூணு சீட்டு ஓடும். இந்தப் பழக்கத்தை நம்பி கோவாவுக்குப் போய், பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் போக்கர் மேசையில் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீட்டுதான் நமக்குத் தெரியுமே என்ற தைரியம்தான் முதல் ஒரு மணி நேரத்தில் காசைக் கரைக்கிறது.

எது எதை அடிக்கும் என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். மூணு சீட்டில் சீக்வென்ஸ் பெரிது, கலர், அதாவது எல்லாம் ஒரே சின்னமாக வருவது, அதற்குக் கீழே. போக்கரில் கலர்தான் பெரிது. அதற்கு ஃபிளஷ் என்று பெயர். அது சீக்வென்ஸை, அதாவது ஸ்ட்ரெயிட்டை, அடித்துவிடும். எது அரிதாக வருமோ அதற்கே மதிப்பு என்பதுதான் கணக்கு. 52 சீட்டில் மூன்று எடுத்தால் 22,100 விதமாக வரலாம். அதில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096. ஐந்து சீட்டு எடுத்தால் 25,98,960 விதம். அதில் ஃபிளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200. போக்கரில் உங்கள் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து வரை. இவற்றில் சிறந்த ஐந்துதான் கணக்கு. நடுவில் 6, 7, 8 மூன்றும் இஸ்பேடாகக் கிடக்க, உங்கள் கையில் டைமண்ட் 9, 10 இருக்கிறது என்று வையுங்கள். மூணு சீட்டுப் பழக்கம் “அடி, எல்லாத்தையும் வை” என்று உந்தும். எதிராளி கையில் இஸ்பேட் 2-ம் 4-ம் இருந்தாலே நீங்கள் தோற்றாயிற்று.

கேசினோவை எதிர்த்து ஆடும் த்ரீ கார்டு போக்கர் என்ற மேசையும் அங்கே இருக்கும். பார்த்தால் நம் மூணு சீட்டு மாதிரியே தெரியும். ஆனால் அங்கே மூன்றும் ஒரே எண்ணாக வருவதைவிட ஒரே கலரில் வரும் சீக்வென்ஸ் பெரிது. முன்னது 52 விதம், பின்னது 48 விதம். ராணி, 6, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆடுங்கள், குறைந்தால் விட்டுவிடுங்கள். அப்படிச் சரியாக ஆடினாலும் நீண்ட ஓட்டத்தில் கேசினோவுக்குத்தான் லாபம். ஆளை எதிர்த்து ஆடும் மேசைக்குப் போவதே மேல்.

அடுத்து, கை. ரம்மியில் 13 சீட்டையும் விசிறியாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வோம். போக்கரில் உங்கள் இரண்டு சீட்டும் மேசையை விட்டு எழும்பக் கூடாது. இடது உள்ளங்கையைக் கூரை மாதிரி சீட்டின் மேல் கவித்து, வலது கட்டைவிரலால் உங்கள் பக்கத்து மூலையை மட்டும் அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள். எண்ணும் சின்னமும் தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பார்த்ததும் சீட்டின் மேல் ஒரு சிப், அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை, வைத்துவிடுங்கள். மற்றவர்கள் விட்டெறிந்த சீட்டை டீலர் வாரும்போது உங்கள் சீட்டும் சேர்ந்து போய்விடலாம். குவியலில் கலந்த சீட்டு செத்த சீட்டு. டீலர் தவறு என்று வாதாடினாலும் திரும்பி வராது. டீலரின் இரு பக்கமும் உட்காருகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஜெயித்தாலும் பானையில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத்தில், இருக்கும் சிப்ஸ் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டை விடாதீர்கள். கடைசியில் காட்டும்போது இரண்டையும் மல்லாத்திப் போடுங்கள். வாயால் தப்பாகச் சொல்லிவிட்டாலும் சீட்டு சொல்வதுதான் செல்லும். ரம்மியில் ஆட்டம் முடிந்தது என்று தப்பாக டிக் அடித்தால் ஃபுல், அதாவது முழுப் புள்ளி, கட்டுகிற வழக்கம் இங்கே இல்லை.

சிப்ஸ் வைப்பதில் வரும் தகராறுதான் அதிகம். சீட்டு போடும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயமாக வைக்கும் தொகைதான் பிளைண்டு. அதில் பெரியதான பிக் பிளைண்டு 400 இருக்கும்போது ஒரே ஒரு 1,000 சிப்பை எதுவும் பேசாமல் போட்டால் அது வெறும் ‘கால்’, அதாவது அந்த 400-க்குச் சமமாக வைத்தது மட்டும். 1,000-க்கு ஏற்றினேன் என்று பிறகு சொன்னால் ஏற்க மாட்டார்கள். ஏற்ற வேண்டுமென்றால் சிப்பை விடுவதற்கு முன்பே ‘ரெய்ஸ்’ என்று தொகையோடு வாயால் சொல்லுங்கள். முதலில் கொஞ்சம் வைத்துவிட்டு, கை திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தால் இரண்டாவது செல்லாது. மண்டபத்தில் “இந்தா நூறு… அதுக்கு மேல ஒரு இருநூறு” என்று இழுத்து இழுத்து வைப்போமே, அதே பழக்கம்தான். வாயால் சொன்ன சொல் சிப் வைத்ததற்குச் சமம். முறை வருவதற்கு முன் வாயைத் திறக்காதீர்கள்.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரே மேசையில் இருந்தால் கை, அதாவது ஒரு ஆட்டம், ஓடும்போது தமிழில் பேசவே கூடாது. “மாப்ள, போயிரு” என்பது நமக்கு விளையாட்டுப் பேச்சு. புரியாத மொழியில் கேட்கிறவர்களுக்கு அது கூட்டுச் சதி. நண்பன் என்று அடிக்காமல் விட்டுக்கொடுப்பதும் டோர்னமெண்டில் தண்டனைக்குரிய குற்றம். ஒரே மேசை விழுந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே வேறு மேசை கேளுங்கள்.

ரம்மியில் சீட்டு சரியில்லை என்று ஆட்டத்தை விட்டு விலகும் ஸ்கூட் போடுகிற புத்தி மட்டும் இங்கே நன்றாகக் கைகொடுக்கும். முதல் ஸ்கூட் 20 புள்ளி, மிடில் ஸ்கூட் 40, மாட்டினால் 80 என்று ரம்மி ஆடியவனுக்குத் தெரியும். போக்கரில் பிளைண்டு உங்கள் முறையாக இல்லாதபோது முதலிலேயே விடுவதற்குச் செலவே இல்லை. ஆனால் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்க்கும். ரம்மியில் ஒவ்வொரு சுற்றும் சும்மா காத்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு சீட்டுக்கும் விலை உண்டு. ஒரே சின்னத்தில் நாலு சேர்ந்து, கடைசிச் சீட்டில் ஃபிளஷ் முடிய வேண்டும் என்றால், பார்க்காத 46 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9. கிட்டத்தட்ட ஐந்துக்கு ஒன்று. பானையில் 1,000 இருந்து எதிராளி 500 வைத்தால், 1,500-ஐ ஜெயிக்க நீங்கள் 500 போடுகிறீர்கள். நாலில் ஒரு தடவையாவது வந்தால்தான் கட்டும். அது வராது, விடுங்கள். 250 மட்டும் வைத்தால் 1,250-க்கு 250. ஆறில் ஒன்று வந்தாலே போதும், ஆடலாம்.

சிறிய டோர்னமெண்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி சுவரில் ஓடும் கடிகாரம்தான். 15,000 சிப்ஸோடு, பிளைண்டு 100-200-ல் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒரு லெவல் ஏறுகிறது என்று வையுங்கள். டீலர் ஒரு மணி நேரத்தில் 25 முதல் 30 கைதான் போடுவார். லெவலுக்கு ஒன்பது பத்து கை, அதாவது மேசையை ஒரு சுற்று. பிளைண்டு 150-300, 200-400, 300-600, 400-800, 500-1,000 என்று ஏறுகிறது. ஒரு கைகூட ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே இரண்டு மணி நேரத்தில் பிளைண்டுக்கு மட்டும் 4,950 போய்விடும். மிச்சம் 10,050. அடுத்த லெவல் 600-1,200. எட்டு பிக் பிளைண்டுதான் கையில். ஆன்டி, அதாவது ஒவ்வொரு கைக்கும் கூடுதலாக வைக்கும் கட்டாயத் தொகை, இருந்தால் இன்னும் குறையும். ஆஸ் ஜோடிக்குக் காத்திருக்கலாம் என்றால் அது 221 கைக்கு ஒரு முறைதான் வரும். நீங்கள் பார்த்திருப்பதோ 60 கைக்குள். அதனால் 20 பிக் பிளைண்டுக்குக் கீழே இறங்கும்போதே விழித்துக்கொள்ளுங்கள். பத்துக்குக் கீழே போனால் எல்லாச் சிப்ஸையும் தள்ளும் ஆல்-இன் அல்லது சீட்டை விடும் ஃபோல்டு, நடுவில் வேறு எதுவும் இல்லை. கடைசி இடங்களில் இருந்து, உங்களுக்கு முன் எல்லோரும் விட்டிருந்தால், எந்த ஜோடியாக இருந்தாலும், ஆஸோடு எது இருந்தாலும் தள்ளலாம். முதலில் தள்ளுகிறவருக்கு மற்றவர்கள் பயந்து விட்டுப்போகும் வாய்ப்பும் கிடைக்கிறது. அடுத்தவர் தள்ளியதற்குக் கால் போடுகிறவருக்கு அது கிடைக்காது. அதனால் காலுக்கு இன்னும் நல்ல சீட்டு வேண்டும்.

வீட்டில் பழக கேரம் காய் போதும். கறுப்பு 1,000, வெள்ளை 100, சிவப்பு 5,000. போன் அலாரத்தைப் பத்து நிமிடத்துக்கு வைத்து, ஒவ்வொரு மணிக்கும் பிளைண்டை ஏற்றுங்கள். மூலையைத் தூக்கிப் பார்ப்பதும், வாயால் தொகை சொல்வதும், ஒரே தடவையில் காய் நகர்த்துவதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கைக்கு வந்துவிடும். காசு வைக்காதீர்கள். 1930-ம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆன்லைனில் காசு கட்டிப் பழகலாம் என்ற வழியையும் 2025-ல் வந்த மத்தியச் சட்டம் அடைத்துவிட்டது.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, பெங்களூரில் மாறி, இரவெல்லாம் குலுங்கிப் போய் இறங்கிய அன்றே டோர்னமெண்டில் உட்காராதீர்கள். எட்டு பிக் பிளைண்டில் தூக்கக் கலக்கம் நேராகச் சிப்ஸில் தெரியும். இரண்டு நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும் பணத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, ஏடிஎம் அட்டையை அறையிலேயே வையுங்கள். முதல் தோல்வி ஆறுவதற்குள் மறுபடி மறுபடி நுழைவு வாங்குவதில்தான் சிறிய டோர்னமெண்ட் பெரிய செலவாகிறது.

கட்டணத்தில் எவ்வளவு பரிசுக்குப் போகிறது, எவ்வளவு கேசினோ எடுக்கிறது, ஜிஎஸ்டி அதற்குள் அடக்கமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்கு முன் 28. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், செஸ் என்ற கூடுதல் வரி தனி. தோற்ற ஆட்டத்தை இதில் கழிக்க முடியாது. 5,000 ரூபாய் டோர்னமெண்ட் ஐந்து ஆடி, ஒன்றில் 40,000 அடித்தால் வரி 12,000, கட்டணம் 25,000. மிச்சம் 3,000. பஸ் டிக்கெட்டுக்கே காணாது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டையோடு பான் அட்டையும் எடுத்துப் போங்கள், பிடித்த வரி உங்கள் கணக்கில் ஏறுவதற்கு அந்த எண் வேண்டும்.